கருவிலேயே குடியேறும் நோய்

(கெலவரப்பள்ளியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் குறைந்தது ஒரு மணி நேரமாவது பேச வேண்டும் என்பது வழக்கம். இங்கே முன்வரிசையில் இருப்பவர்களில் பாதிப் பேர் மாலைக் கறவைக்குப் போக வேண்டியவர்கள். மாடு சொற்பொழிவுக்காகக் காத்திருக்காது. ஆகவே முன்னுரையைக் குறைத்துக்கொள்கிறேன்.

கோமாரி வந்தால் ஊருக்கே தெரியும். வாயில் எச்சில் நூலாய் இறங்கும், குளம்பு நடுவே புண் வைக்கும், மாடு நொண்டும். தோல் கழலை வந்தால் தெருவில் போகிறவர்கூட நின்று பார்ப்பார். இன்று நான் எடுத்துக்கொண்ட நோய் தன்னை அப்படிக் காட்டிக்கொள்ளாது. மாட்டு வைரஸ் கழிச்சல் நோய் என்று பெயர். மருத்துவர்கள் சுருக்கமாக பி.வி.டி. என்போம். உங்களில் பெரும்பாலோர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஆனால் அது செய்யக்கூடிய வேலைகளை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மூன்று நான்கு முறை சினை ஊசி போட்டும் சினை நிற்காத மாடு. மூன்றாம் மாதத்தில் சத்தமில்லாமல் கலைந்துபோன சினை. கண்ணில் வெள்ளை விழுந்து, தலை ஆடிக்கொண்டே பிறந்த கன்று. ஒரே தொழுவத்தில் ஒரே தீவனம் தின்று, கூடப் பிறந்தவை கிடேரியான பின்னும் குட்டையாகவே நிற்கும் கன்று. இவை எல்லாவற்றுக்கும் பி.வி.டி.தான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் ஒரு காரணமா என்று நாம் பார்ப்பதே இல்லை. என் புகார் அதுதான்.

இந்த ஊரில் இப்படிச் சொன்னதும் என்ன பதில் வரும் என்பது எனக்குத் தெரியும். "சார், எல்லாம் அணைத் தண்ணி பண்ற வேலை." எத்தனையோ தொழுவங்களில் கேட்ட வாக்கியம் இது. நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை பெங்களூரின் புறநகர்க் கழிவையும் ஆலைக் கழிவையும் சுமந்துகொண்டு எல்லை தாண்டி வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் மதகைத் திறந்தால் நுரை மலைபோல் எழுகிறது. அந்தத் தண்ணீரைப் பற்றிய உங்கள் கோபம் நியாயமானது; அதற்காகப் போராட வேண்டும், தண்ணீரைச் சோதிக்கச் சொல்லி விடாமல் கேட்க வேண்டும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அணைத் தண்ணீரே பாயாத மேட்டு ஊர்களிலும் ஆழ்துளைக் கிணற்று நீர் குடிக்கும் மாடுகளுக்குச் சினை கலைகிறது. எல்லாப் பழியையும் ஆற்றின் மேல் போட்டுவிட்டால் மாட்டின் இரத்தத்தை எடுத்துச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணமே நமக்கு வராமல் போய்விடும். இது ஒரு வகையில் எங்கள் கால்நடைத் துறைக்கும் வசதியாக இருந்துவிட்டது.

இனி கொஞ்சம் பழைய கதை. இது உங்கள் மண்ணின் கதையும்கூட.

மத்திகிரிப் பண்ணை உங்களுக்குப் புதிதல்ல. 1824இல் படைக்குக் குதிரை வளர்க்க வெள்ளையர் தொடங்கியது. பின்னர் கால்நடைப் பண்ணையாகி, ஆயிரத்து அறுநூறு ஏக்கருக்கும் மேலான பரப்பில் இன்றும் நிற்கிறது. ஓசூர் மாடு வளர்க்கும் ஊர் என்ற பெயர், தொழிற்பேட்டை வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே எழுதப்பட்டாகிவிட்டது. எல்லைக்கு இருபுறமும் ஹள்ளிகார் மாடு உழவுக்கும் வண்டிக்கும் பெயர் பெற்றது. அந்தக் காலத்தில் இந்த மாடுகளைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது வெக்கை நோய். கண்ணில் நீர், வாயில் புண், நிற்காத கழிச்சல், ஒரு வாரம் பத்து நாளில் சாவு. ஒரு ஊரில் நுழைந்தால் உழவு நின்றுபோகும். 1866இலேயே மதராஸ் மாகாணம் கால்நடை நோய்களுக்கென்று ஒரு சட்டம் போட வேண்டிவந்தது என்றால் நிலைமையை நீங்களே ஊகிக்கலாம்.

வெக்கை எப்படிப் போனது? மந்திரத்தால் போகவில்லை. இமயமலைச் சாரலில் முக்தேசர் ஆய்வகத்தில் 1920களில் எட்வர்ட்ஸ் என்பவர் அந்த வைரஸை ஆட்டின் உடலில் மாற்றி மாற்றிச் செலுத்தி வீரியம் குறைத்துத் தடுப்பூசி ஆக்கினார். 1932இல் இராணிப்பேட்டையில் நம் மாகாணத்துக்கென்று மருந்து நிலையம் எழுந்தது. இன்றும் நம் மாடு, ஆடு, கோழிகளுக்கான தடுப்பூசிகளை அங்கே தயாரிக்கிறார்கள். 1954இல் நாடு முழுவதும் வெக்கை ஒழிப்புத் திட்டம் தொடங்கியது. ஊசிப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மலையேறிய கால்நடை ஆய்வாளர்கள் அன்றைக்கு இருந்தார்கள். அவர்கள் பெயரை எந்தக் கல்வெட்டிலும் பார்க்க முடியாது. இந்தியாவின் கடைசி வெக்கைத் தாக்குதல் 1995இல் பதிவானது. எங்கே தெரியுமா? நம் வட ஆற்காட்டுப் பகுதியில்தான், தடுப்பூசி தயாரித்த அதே வட்டாரத்தில். 2006இல் இந்தியா வெக்கைத் தொற்று அற்ற நாடு என்று அறிவிக்கப்பட்டது. 2011இல் உலகமே விடுபட்டது. மனிதன் முற்றாக ஒழித்த நோய்கள் இரண்டே இரண்டு: ஒன்று பெரியம்மை, மற்றது இது.

இன்னொரு ஊரையும் சொல்லிவிடுகிறேன். விழுப்புரம் பக்கம் அரசூர். 1987இல் அங்கே ஆடுகள் மூக்கொழுகி, வாய்ப்புண் வந்து, கழிந்து செத்தன. ஆட்டுக்கும் வெக்கை வந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்தார்கள். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் ஷைலாவும் அவரோடு இருந்தவர்களும் மாதிரிகளை ஆராய்ந்து, இது வெக்கை அல்ல, அதன் உறவான ஆட்டுக்கொல்லி நோய் என்று நிறுவினார்கள். இந்தியாவில் அந்நோய் அதுவரை பதிவானதில்லை. அரசூரில் கிடைத்த வைரஸைக் கொண்டே நம் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் பின்னால் ஒரு தடுப்பூசி உருவாக்கியது. அதன் பெயரிலேயே அரசூர் 87 என்று ஊரும் ஆண்டும் இருக்கின்றன. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும் இரண்டு நோய்களை ஆய்வகத்தில் பிரித்துப் பார்த்ததால்தான் அந்த ஊசி வந்தது. இல்லையென்றால் வெக்கை ஊசியையே போட்டுக்கொண்டு, நோய் ஏன் போகவில்லை என்று இன்னும் தலையைச் சொறிந்துகொண்டிருப்போம்.

இந்தக் கதையின் அடுத்த அத்தியாயம்தான் பி.வி.டி. வெக்கை இருந்த காலத்தில் வாய்ப்புண்ணும் கழிச்சலும் சேர்ந்து வந்தால் அது வெக்கை; அதோடு பேச்சு முடிந்தது. வெக்கை போன பிறகும் வாய்ப்புண்ணும் கழிச்சலும் சேர்ந்து வருகிற மாடுகள் நம் தொழுவங்களில் இருக்கின்றனவே, அவற்றுக்கு என்ன? அமெரிக்காவில் இப்படி ஒரு கேள்வி 1946இல் எழுந்தது. அங்கே வெக்கை கிடையாது. நியூயார்க் மாநிலத்தில் கார்னெல் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துப் பண்ணைகளில் கறவை மாடுகள் காய்ச்சலும் கழிச்சலுமாகப் படுத்தன, சினை வீசின. ஒலாஃப்சனும் அவர் நண்பர்களும் அதை ஆராய்ந்து எழுதினார்கள். சில ஆண்டுகள் கழித்து 1953இல் அயோவாவில் இன்னொரு குழு, வாயிலும் குடலிலும் புண் வைத்து இளம் மாடுகளைக் கொல்லும் வேறொரு நோயை விவரித்தது. முதலாவதில் மாடு தேறிவிடும். இரண்டாவதில் அநேகமாகத் தேறாது. இரண்டையும் ஒரே வைரஸ்தான் உண்டாக்குகிறது என்பதும், எப்படி உண்டாக்குகிறது என்பதும் விளங்க முப்பது ஆண்டுக்கு மேலாயிற்று. 1984–85இல் பிரிட்டனில் பிரவுன்லி குழுவும் அமெரிக்காவில் போலின் குழுவும் அந்த முடிச்சை அவிழ்த்தார்கள்.

அந்த முடிச்சை உங்களுக்கும் அவிழ்த்துக் காட்ட வேண்டும். இது புரிந்தால் மீதி எல்லாம் புரியும். தூங்குகிறவர்களைப் பக்கத்தில் இருப்பவர் எழுப்பிவிடலாம்.

சினையில்லாத, நல்ல நிலையில் இருக்கும் மாட்டுக்கு இந்த வைரஸ் தொற்றினால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இரண்டு நாள் சூடு, கொஞ்சம் கழிச்சல், பால் ஒரு வேளை குறையும். நீங்கள் தீவனத்தைக் குறை சொல்வீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் மாட்டின் உடம்பில் எதிர்ப்பொருள் உண்டாகி வைரஸ் ஒழிந்துவிடும். கழிச்சல் இந்த நோயின் மிகச் சிறிய பகுதிதான். நோய் எதிர்ப்பு சில வாரம் தளர்வதால் அந்தச் சமயத்தில் மடிநோயோ சளியோ வேறு எதுவோ எளிதில் நுழையும்.

சினை மாட்டுக்குத் தொற்றினால் கதை வேறு. சினை பிடித்த புதிதில் என்றால் கரு கரைந்துவிடும். மாடு பருவம் தப்பித் திரும்பப் பருவத்துக்கு வரும். நாம் சினை ஊசி போட்டவரைத் திட்டுவோம். நாலு ஐந்து மாத வாக்கில் என்றால் மூளையும் கண்ணும் பாதித்துக் கன்று பிறக்கும். கடைசி மாதங்களில் என்றால் கன்றே எதிர்ப்பொருள் உண்டாக்கிக்கொண்டு நலமாகப் பிறக்கக்கூடும். இவற்றுக்கு நடுவே ஏறத்தாழ நாற்பதாம் நாளிலிருந்து நூற்றிருபதாம் நாள் வரையிலான காலம்தான் ஆபத்தானது. அப்போது கருவின் நோய் எதிர்ப்பு அமைப்பு தன் உடம்பு எது, அந்நியம் எது என்று கற்றுக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் உள்ளே வந்த வைரஸையும் தன் உடம்பின் பகுதி என்றே அது எழுதிக்கொள்கிறது. தொட்டிலிலிருந்தே வீட்டில் வளர்ந்த திருடனைப் பார்த்து வீட்டு நாய் குரைக்காது அல்லவா, அப்படி. கன்று பிறக்கிறது. சாகும்வரை அதன் இரத்தத்தில் வைரஸ் இருக்கும். எச்சில், சளி, கண்ணீர், சிறுநீர், பால், காளையாக இருந்தால் விந்து, எல்லாவற்றிலும் நாள்தோறும் வைரஸைக் கொட்டிக்கொண்டே இருக்கும். நிரந்தரத் தொற்றுக் கன்று என்று இதைச் சொல்கிறோம். ஒரு மந்தையில் இவை பொதுவாக நூற்றுக்கு ஒன்று இரண்டுக்கு மேல் போவதில்லை. ஆனால் அந்த ஒன்றே மந்தை முழுவதையும் தொற்றவைக்கப் போதும்.

அந்தக் கன்று எப்படி இருக்கும்? சில நோஞ்சானாக இருக்கும், மயிர் சிலிர்த்து நிற்கும். சில கொழுகொழுவென்று இருக்கும். நாலு பேர் முன் பெருமையாகக் காட்டுவீர்கள். பலவும் இரண்டு வயதுக்குள் சாகும். சில தப்பிப் பிழைத்துக் கிடேரியாகிச் சினைப்பட்டுக் கன்றும் போடும். அந்தக் கன்றும் தவறாமல் நிரந்தரத் தொற்றோடுதான் பிறக்கும்.

சாவு எப்படி வருகிறது என்பதையும் கிட்ட இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஒன்றரை வயதுக் கிடேரி. பக்கத்தில் கட்டியிருக்கும் மாடுகள் எல்லாம் அசை போடுகின்றன. இது மட்டும் தீனித் தொட்டியை முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்புகிறது. வாயைத் திறந்தால் ஈறிலும் மேலண்ணத்திலும் நாக்கடியிலும் தோல் உரிந்த சிவந்த புண். மூக்குநுனி காய்ந்து பொருக்கு தட்டியிருக்கும். சாணம் தண்ணீராக, இரத்தமும் சளியும் கலந்து, தொழுவமே நாறும். "கோமாரிங்க" என்பார் ஒருவர். கோமாரி என்றால் பக்கத்து மாடு தப்பியிருக்காது. சில நாளில் கிடேரி போய்விடும். அறுத்துப் பார்த்தால் உணவுக்குழாயின் உட்புறம் கோடு கோடாகப் புண், சிறுகுடலின் நிணத் திட்டுகள் மேல் குழிப்புண். நடந்தது என்னவென்றால், அந்தக் கன்றுக்குள் செல்லைக் கொல்லாமல் வாழ்ந்துகொண்டிருந்த வைரஸ் ஒருநாள் மாறி, செல்லைக் கொல்லும் வைரஸ் ஆகிவிட்டது. தன்னுடையது என்று ஏற்கெனவே எழுதிக்கொண்ட உடம்பு அதையும் எதிர்க்கவில்லை.

இப்போது குந்தாரப்பள்ளிக்குப் போவோம். வெள்ளிக்கிழமைச் சந்தை. விடியும் முன்பே வண்டிகள் வந்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கம் கோலார், பெங்களூர் ஊரகத்திலிருந்தும், இந்தப் பக்கம் தருமபுரி, திருப்பத்தூரிலிருந்தும் மாடுகள். தரகர் துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். வாங்குகிறவர் பல்லைப் பார்ப்பார், மடியைத் தடவுவார், காம்பைப் பீச்சிப் பார்ப்பார், சுழி பார்ப்பார். "நாலு மாசச் சினைங்க, கை போட்டுப் பார்த்தாச்சு" என்றதும் விலை ஏறும். சினை மாட்டுக்குத்தான் கிராக்கி, ஏனென்றால் ஐந்து மாதத்தில் பால் வந்துவிடும், கடன் அடையத் தொடங்கும். எனக்கு அச்சம் தருவதும் அந்த நாலு மாதச் சினைதான். அந்த மாட்டுக்கு இரண்டாவது மாதத்தில் பி.வி.டி. வந்து போயிருந்தால், மாடு முற்றிலும் குணமாகி இருக்கும். இரத்தம் எடுத்து வைரஸ் தேடினாலும் கிடைக்காது. ஆனால் வயிற்றுக்குள் இருக்கும் கன்று நிரந்தரத் தொற்றோடு வளர்ந்துகொண்டிருக்கும். தாயை எவ்வளவு உருட்டிப் பார்த்து வாங்கினாலும் கன்றைப் பார்க்க முடியாது. பணம் கொடுத்து நோயை வீட்டுக்கு ஓட்டிவருகிறோம். அது வெளியே வர இன்னும் ஐந்து மாதம் ஆகும்.

சோதனையிலும் ஒரு பொறி இருக்கிறது, மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தத்தில் எதிர்ப்பொருள் தேடும் எலிசா சோதனைதான் மலிவு, பரவலானது. அதில் எதிர்ப்பொருள் இருக்கிறது என்று வரும் மாடு அநேகமாக நோய் வந்து தேறிய மாடு. எதிர்ப்பொருள் இல்லை என்று வரும் மாடு நோய் படாததாகவும் இருக்கலாம், மந்தையிலேயே மிக ஆபத்தானதாகவும் இருக்கலாம். நிரந்தரத் தொற்றுக் கன்று எதிர்ப்பொருளே உண்டாக்குவதில்லையே! ஆகவே மந்தையில் நோய் உலவுகிறதா என்று அறிய எதிர்ப்பொருள் சோதனை. வைரஸைக் கொட்டுகிற மாடு எது என்று அறிய அந்த வைரஸையே தேடும் சோதனை. பிறந்த கன்றின் காதில் துளி அளவு தோல் எடுத்தால் போதும். சீம்பால் குடித்த கன்றில் தாயின் எதிர்ப்பொருள் முதல் சில வாரங்களுக்கு இரத்தச் சோதனையைக் குழப்பக்கூடும். காதுத் தோலில் அந்தக் குழப்பம் குறைவு. வைரஸ் உண்டு என்று வந்தால் மூன்று நான்கு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். இரண்டாம் முறையும் உண்டு என்றால் அது நிரந்தரம்.

இதை வைத்துத்தான் பல நாடுகள் நோயை விரட்டின. சுவீடன், நார்வே, டென்மார்க், பின்லாந்து ஆகியவை 1990களின் தொடக்கத்தில் இறங்கின. சுவீடன் 1993இல், தடுப்பூசி ஒரு சொட்டும் போடாமல். பண்ணையின் மொத்தப் பாலை ஒரு குப்பியில் எடுத்து எதிர்ப்பொருள் பார்ப்பது, இருக்கும் பண்ணையில் மட்டும் ஒவ்வொரு மாடாகத் தேடுவது, நிரந்தரத் தொற்று மாட்டை வெளியேற்றுவது. அவ்வளவுதான். அயர்லாந்தில் 2013 முதல் பிறக்கும் ஒவ்வொரு கன்றுக்கும் காதுவில்லை மாட்டும்போதே அந்த வில்லையின் ஊசி ஒரு துணுக்குத் தோலைக் குப்பியில் எடுத்துக்கொள்ளும். அது தபாலில் ஆய்வகத்துக்குப் போகும். நம் மாடுகளுக்கும் 12 இலக்கக் காதுவில்லை மாட்டுகிறோம். எண்ணை மட்டும் எழுதிக்கொள்கிறோம்.

இந்தியாவில் நோய் இருக்கிறதா என்று இன்னும் சிலர் கேட்பதுண்டு. ஹெப்பாலில் உள்ள கர்நாடகக் கால்நடை நலம் மற்றும் உயிரி மருந்து நிறுவனத்தின் விஞ்ஞானிகள் பல மாநில மாடுகளின் இரத்தத்தில் இதன் எதிர்ப்பொருளைக் கண்டு 1999இலேயே எழுதிவிட்டார்கள். பி.வி.டி.க்குத் தடுப்பூசி போடும் வழக்கம் நமக்கு இல்லை. ஆகவே அந்த எதிர்ப்பொருள் ஊசியால் வந்ததல்ல, நோயால் வந்தது. போபாலில் உள்ள தேசிய உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்தார் இந்த வைரஸின் மூன்று வகைகளையும் இந்தியக் கால்நடைகளில் அடையாளம் கண்டிருக்கிறார்கள். மூன்றாவது வகைக்கு ஹோபி என்று ஒரு செல்லப் பெயர். பிரேசிலிலிருந்து வந்த கன்றுச் சீரத்தில் முதலில் அகப்பட்டது. கருவில் இருக்கும் கன்றின் சீரம் ஆய்வகங்களில் செல் வளர்க்கவும் தடுப்பூசி தயாரிக்கவும் பயன்படுகிறது. கவனக்குறைவாக இருந்தால் நோயைத் தடுக்கும் ஊசியே நோயைச் சுமந்துவிடும். 1999இல் நெதர்லாந்தில் வேறொரு நோய்க்கான தடுப்பூசியில் பி.வி.டி. வைரஸ் கலந்து மாடுகள் செத்திருக்கின்றன. இந்தக் குடும்பத்தில் செம்மறியாட்டுக்கும் பன்றிக்கும் உறவினர்கள் உண்டு. ஆடும் மாடும் ஒரே மேய்ச்சலில் இருக்கும் நம் ஊரில், மாட்டின் வைரஸ் ஆட்டுக்கும் தாவும் என்பதை நினைவில் வைத்தால் போதும். மனிதருக்கு இந்நோய் வருவதில்லை. பாலைக் கண்டு பயப்பட வேண்டாம்.

மற்ற வைரஸ்களைப் பற்றி ஒரு வார்த்தை. கன்று வீச்சுக்கு ஐ.பி.ஆர். என்ற அக்கி வகை வைரஸும் காரணமாகலாம். அது நரம்பு முடிச்சில் ஒளிந்திருந்து, லாரியில் ஏற்றி அலைக்கழித்த மாட்டில் தலைகாட்டும். 2013இல் கர்நாடகத்திலும் தமிழகத்திலும் கோமாரி வந்தபோது பட்ட பாட்டை இந்த அவையில் யாரும் மறந்திருக்க முடியாது; சந்தைகளை மூடினார்கள், கறவை மாடுகள் நின்ற இடத்திலேயே சரிந்தன. தோல் கழலை 2019இல் ஒடிசாவில் இந்தியாவுக்குள் முதன்முதலாகப் பதிவாகி, வெகு சீக்கிரம் தெற்கே வந்துவிட்டது. இவை வந்த வழியைப் பாருங்கள்: ஈயும் கொசுவும் காற்றும் கொஞ்சம், சந்தையும் லாரியும் மிகுதி. ஜூஜூவாடியிலும் அத்திப்பள்ளியிலும் சரக்குக்குச் சோதனைச் சாவடி வைத்தோம். மாட்டுக்கு மாநில எல்லை ஒருநாளும் இருந்ததில்லை. ஆகவே கிருஷ்ணகிரி தனியாக ஒரு திட்டம் போட்டுப் பயனில்லை. எலகங்காவில் கால்நடை நோய்ப் பரவலை ஆராயும் தேசிய நிறுவனமான நிவேதி இருக்கிறது. ஹெப்பாலில் தென் மண்டல ஆய்வகம் இருக்கிறது. ஓசூரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மதியத்துக்குள் மாதிரியைக் கொடுத்துவிடலாம். சென்னை மாதவரத்து ஆய்வகம் நமக்கு அதைவிடத் தூரம். இரண்டு மாநிலத் துறைகளும் உட்கார்ந்து பேசினால் ஆகிற காரியம் இது.

பி.வி.டி.யைச் சொல்லி உங்களைக் கலவரப்படுத்த நான் வரவில்லை. வரிசையும் முக்கியம். கன்று வீசினால் முதலில் பார்க்க வேண்டியது புரூசெல்லா; ஏனென்றால் அது பாக்டீரியா, மனிதருக்கும் வரும். விழுந்த கருவையும் நஞ்சுக்கொடியையும் வெறும் கையால் தொடாதீர்கள். ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். நாலு முதல் எட்டு மாதக் கிடேரிக் கன்றுக்குப் புரூசெல்லா ஊசியை ஒருமுறை போடுங்கள். கோமாரி ஊசியை ஒரு சுற்றும் தவறவிடாதீர்கள். போட்டால் பால் குறையும் என்று ஒளித்துக் கட்டுகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள், அவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். இவற்றையெல்லாம் செய்து முடித்து, புரூசெல்லா இல்லை என்று வந்த பிறகும் சினை கலைந்துகொண்டே இருந்தால், அங்கே பி.வி.டி.யைத் தேடாமல் விடுவது குற்றம்.

துறையிடமும் பால் சங்கங்களிடமும் நான் கேட்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. சங்கத்துக்கு வரும் பாலில் கொழுப்பும் இதரச் சத்தும் தினமும் பார்க்கிறீர்கள். பெரிய தொழுவங்களின் பாலில் ஆண்டுக்கு ஒருமுறை பி.வி.டி. எதிர்ப்பொருளையும் பாருங்கள். உறைவிந்து கொடுக்கும் காளை ஒவ்வொன்றும் வைரஸ் சோதனையில் தேறியதா என்பதைச் சினை ஊசி போட்டுக்கொள்கிறவர் கேட்டுத் தெரிந்துகொள்ள வழி செய்யுங்கள். திரவ நைட்ரஜனில் விந்தோடு சேர்ந்து வைரஸும் பத்திரமாக இருக்கும். நிரந்தரத் தொற்று என்று உறுதியான மாட்டுக்கு அரசு இழப்பீடு தர வேண்டும். இழப்பீடு இல்லாவிட்டால் அந்த மாடு எங்கே போகும் என்று உங்களுக்கே தெரியும்: அடுத்த வெள்ளிக்கிழமை குந்தாரப்பள்ளிக்கு. ஏழையிடம் நாணயத்தை மட்டும் கேட்டுவிட்டு நஷ்டத்தை அவன் தலையில் கட்டுவது நியாயமாகாது.

மாடு வளர்க்கிறவர்களிடம் கேட்பது இதுதான். வாங்கி வந்த மாட்டை அன்றைக்கே மற்ற மாடுகளோடு கட்டாதீர்கள். நாலு வாரம் தனித் தொட்டி, தனி வாளி, தனிக் கயிறு. அந்த மாட்டைக் கடைசியில் கறந்து கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்த வைரஸ் சோப்புக்கும் சலவைச் சோடாவுக்கும் சுண்ணாம்புக்கும் தாங்காது. சினையாக வாங்கிய மாடு கன்று போட்டால், அந்தக் கன்றின் காதுத் தோல் சோதனை முடியும்வரை மற்றச் சினை மாடுகளின் பக்கம் விடாதீர்கள். கன்று வீசினால் 1962 என்ற எண்ணுக்கு அழைத்து, வரும் மருத்துவரிடம் "ஊசி போடுங்க" என்று மட்டும் சொல்லாமல், "இரத்தம் எடுத்து அனுப்புங்க, என்னன்னு பார்த்துச் சொல்லுங்க" என்றும் கேளுங்கள். நீங்கள் கேட்டால்தான் நாங்கள் அனுப்புவோம்.